பன்னிரண்டு பேர் வரை

நிழலூரில் அன்று காலை ஆயிரம் முறை புயல் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

கடலோரக் கட்டுமான வாரியத்தின் இரண்டாவது மாடியில், கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் அந்த அறையில், செயற்பொறியாளர் தையல்நாயகி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெண்டர் மதிப்பீட்டுக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். பக்கத்தில் ஹபீபா. நிழலூரை இயக்குவதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள். கணினி அவளுக்குக் கைவந்தது, கட்டுமானம் புதிது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இன்னும் யாரும் முழு வரைபடமே போடல. அதுக்குள்ள எந்தக் கம்பெனின்னு எப்படி முடிவு பண்றீங்க?"

"முன்னாடியெல்லாம் வரைபடம் நாங்க போடுவோம், அவங்க கட்டுவாங்க. இடிஞ்சு விழுந்தா வரைபடம் தப்புன்னு அவங்க சொல்வாங்க, கட்டினது தப்புன்னு நாங்க சொல்வோம். பத்து வருஷம் கேஸ் நடக்கும். இப்ப வடிவமைக்கிறதும் கட்டுறதும் ஒரே கம்பெனி. யாரைக் கேக்கணும்னு சந்தேகமே இல்ல. ஆனா டெண்டர் திறக்கிற அன்னைக்கு நம்ம கையில இருக்கிறது வெறும் யோசனைதான். யோசனைக்கு எப்படி மார்க் போடுறது? அதுக்குத்தான் உன் நிழலூர்."

பூவந்துறையில் நாலாயிரத்து நூறு பேர் இருந்தார்கள். மீன்பிடி ஊர். கடலுக்கும் உப்பாற்றுக்கும் நடுவே தாழ்ந்து கிடந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் மேட்டில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு அத்தனை பேரும் நடந்து போக வேண்டும். அந்த மேட்டில் ஒரு பாதுகாப்பு மையத்தையும் அதற்குப் போகும் மேட்டுச்சாலையையும் கட்டத்தான் இந்த டெண்டர்.

நிழலூர் என்பது கணினிக்குள் இருந்த இன்னொரு பூவந்துறை. அங்கேயும் நாலாயிரத்து நூறு பேர். ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரிப் பதிவு, கடைசி இரண்டு புயல்களின்போது ஒவ்வொரு கைப்பேசியும் எங்கே நகர்ந்தது, எங்கே நின்றது என்ற விவரம், இத்தனையையும் வைத்து ஆளுக்கு ஒரு நிழல் செய்திருந்தார்கள். மூட்டுவலிக்காரரின் நிழல் மெதுவாக நடந்தது. கைக்குழந்தைக்காரியின் நிழல் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நடந்தது. பெயர் கிடையாது, வீட்டு எண் மட்டும்தான். ஒவ்வொரு கம்பெனியின் யோசனையையும் அந்த ஊரில் கட்டிவிட்டு, பெரும்புயலை ஆயிரம் முறை அடிக்க விட்டு, யார் யார் பிழைக்கிறார்கள் என்று எண்ணுவார்கள்.

மூன்று யோசனைகள் வந்திருந்தன. கம்பெனிகளின் பெயர் குழுவுக்குத் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் அழைத்தார்கள். விலை இருந்த உறைகள் இன்னும் திறக்கப்படவில்லை.

"எதுவுமே கட்டாம விட்டா அறுபத்தியொரு பேர். ஒண்ணாம் யோசனைல பதினேழு. ரெண்டுல ஒம்போது. மூணுல ரெண்டே பேர்" என்று வாசித்தாள் ஹபீபா. பிறகு சிரித்தபடி திரும்பினாள். "அப்ப மூணுதானே மேடம்?"

தையல்நாயகி கோப்பைப் புரட்டினாள். டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி இருந்தது. எதிர்பார்க்கும் உயிரிழப்பு பன்னிரண்டு பேர் வரை உள்ள யோசனைகள் அனைத்தும் தகுதி பெற்றவை. தகுதி பெற்றவற்றுள் குறைந்த விலைக்கே ஒப்பந்தம். ஒன்பதும் இரண்டும் பன்னிரண்டுக்குள்தான் வருகின்றன. விதியின் கண்ணில் இரண்டும் சமம்.

அந்தப் பன்னிரண்டை எழுதியதே அவள்தான். பக்கத்து மாவட்டத்தின் பழைய டெண்டரில் பதினைந்து என்று இருந்தது. மூன்று கூட்டங்களில் வாதாடிப் பன்னிரண்டாகக் குறைத்தாள். மூன்று உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்று மாலை வீட்டுக்குச் சந்தோஷமாகத்தான் போனாள்.

"ரெண்டாவதோட வரைபடத்தைக் காட்டு" என்றாள்.

ஊர் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். எட்டு வீடுகளில் ஒன்பது சிவப்பு. ஒரு வீட்டில் மட்டும் இரண்டு. அந்த வீட்டின்மேல் 212 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை அவள் அறிவாள். கதவு நிலையில் வாரியம் அடித்த நீலத் தகடு; காலையில் சில நாள் ஜீப் அங்கிருந்துதான் கிளம்பும். அவளுடைய டிரைவர் சிங்காரவேலுவின் வீடு. புயல் பணியில் வெளியே இருக்கும் சிங்காரவேலு பச்சையாக இருந்தான். சிவப்பு இரண்டும் அவன் மனைவி செல்லக்கிளியும் மகள் வெண்ணிலாவுமாகத்தான் இருக்க வேண்டும்.

"இந்த வீட்டை ஓட்டிக் காட்டு."

"வீட்டு வாரியாப் பாக்கக் கூடாது மேடம்..." என்றாள் ஹபீபா. தையல்நாயகியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டினாள்.

இரண்டு புள்ளிகள் வீட்டை விட்டு நேரத்தோடே கிளம்பின. சந்தைத் தெருவைக் கடந்தன. மேட்டுச்சாலை தொடங்கும் சின்னப் பாலம் வரை வந்தன. அங்கே நின்றன. பிறகு வந்த வழியே திரும்பி நடந்தன. சந்தைத் தெருவில் தண்ணீர் அவற்றை எட்டியது.

"ஆயிரத்துல எழுநூத்தி நாப்பது தடவை இதேதான்" என்றாள் ஹபீபா. "மூணாவது யோசனைல அந்த வீட்டுச் சந்துக்குப் பக்கத்துலேர்ந்தே இன்னொரு மேட்டுச்சாலை போகுது. திரும்பினாலும் தப்பிச்சிடறாங்க."

"ஏன் திரும்புறாங்க?"

"அது தெரியாது மேடம். போன ரெண்டு புயல்லயும் அந்த போன் அந்தப் பாலத்துலேர்ந்து திரும்பியிருக்கு. ரெண்டும் சின்னப் புயல், முழங்கால் தண்ணியோட போயிடுச்சு. அதனால நிழலும் திரும்புது. திரும்புவாங்கன்னுதான் நிழலூருக்குத் தெரியும். எதுக்குன்னு தெரியாது."

மத்தியானம் விலை உறைகளைத் திறந்தார்கள். இரண்டாவது கம்பெனியின் விலை குறைவு, வெகுவாகக் குறைவு. மூன்றாவது யோசனையில் மேட்டுச்சாலையே மூன்று.

தலைமைப் பொறியாளர் பஞ்சநதம் கெட்ட மனிதர் அல்ல. தையல்நாயகி தனியாகப் போய் நின்றபோது கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மூணாவதுக்குக் கொடுத்துடலாம்மா. அப்புறம்? ரெண்டாவது கம்பெனி நாளைக்கே கோர்ட்டுக்குப் போவான். நீயே எழுதின நிபந்தனையைக் காட்டுவான். ஸ்டே குடுப்பாங்க. மூணு வருஷமோ நாலு வருஷமோ, யாருக்குத் தெரியும். அதுவரைக்கும் ரோடும் இல்ல, கட்டடமும் இல்ல. அதுக்குள்ள ஒரு புயல் வந்தா?"

"அறுபத்தியொண்ணு" என்றாள்.

"ஒம்போதுக்குப் பயந்து அறுபத்தியொண்ணைத் தலையில வச்சுக்கப் போறியா?"

"நிபந்தனையைத் திருத்தி மறுபடியும் டெண்டர் விட்டா?"

"உறையைத் திறந்தாச்சு. எல்லார் யோசனையும் நமக்குத் தெரிஞ்சாச்சு. இப்பத் திருத்தினா ஒருத்தனுக்காகத் திருத்தினோம்னுதான் ஆகும்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்த வீட்டுக்காரங்க யாராவது உனக்குத் தெரிஞ்சவங்களா? அப்படி இருந்தா இப்பவே எழுதிக் குடுத்துட்டு விலகிடு. வேற ஆள் கையெழுத்துப் போடுவாங்க. வெளியில ஒரு வார்த்தை போனா மொத்த டெண்டரும் ரத்து. அது உனக்கே தெரியும்."

"சொந்தக்காரங்க யாரும் இல்ல சார்" என்றாள். அது பொய்யும் அல்ல.

சாயங்காலம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். முன்னால் சிங்காரவேலுவின் பின்கழுத்து தெரிந்தது. பதினோரு வருடமாக அவள் பார்த்துவந்த கழுத்து. சலூனில் முடிவெட்டி ஒழுங்கு செய்த கோடு புதிதாக இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, "தலைவலிங்களாம்மா?" என்று கேட்டான்.

யோசனைகளில் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் தடை. கேட்பதற்கு இல்லை.

"சிங்காரவேலு, போன புயலப்ப உங்க வீட்ல எல்லாரும் எங்க போனாங்க?"

"பள்ளிக்கூடத்துக்குத்தாம்மா. அதுகூட செல்லக்கிளி நேரா போயிருக்க மாட்டா. ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. பாலம் வரைக்கும் போவா, பொண்ணையும் இழுத்துக்கிட்டுத் திரும்பிடுவா."

"எதுக்கு?"

அவன் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தான். "நான் வந்துட்டனான்னு பாக்கத்தாம்மா. புயல் டியூட்டில உங்களோட சுத்திக்கிட்டு இருப்பேன். போன் கிடைக்காது. நான் வீட்டுக்கு வந்து, அவ இல்லாம, தேடிக்கிட்டு அங்கேயே நின்னுடுவேனோன்னு அவளுக்குப் பயம். எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேக்க மாட்டா."

ரயில் போயிற்று. கேட் திறந்தது. தையல்நாயகி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகை வந்தது, கூடவே பெரிய நிம்மதியும் வந்தது. இவ்வளவுதானா! இதற்கு மூன்று மேட்டுச்சாலை வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். புயல் அன்று இவன் வீட்டில் இருந்தால் போதும்.

மறுநாள் காலை இரண்டாவது கம்பெனியின் கோப்பில் கையெழுத்துப் போட்டாள். அதே பேனாவால் இன்னொரு தாளிலும் போட்டாள். டிரைவர் சிங்காரவேலுவுக்கு முதுகுவலி காரணமாகப் புயல்காலப் பணியிலிருந்து விலக்கு. அலுவலகத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. முதுகுவலி இல்லாத டிரைவர் யார் இருக்கிறார்கள்? பட்டியலில் அடுத்திருந்த பெயரை எழுத்தர் நிரப்பி எடுத்து வந்தார். தேவசகாயம். நாற்பது வயது, ஒப்பந்த டிரைவர், பூவந்துறைக்காரன், வழி தெரிந்தவன். அதற்கும் கையெழுத்துப் போட்டாள்.

மீதி ஏழு வீடுகளின் எண்களும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தன. மறக்க முயன்றாள்.

மேட்டுச்சாலை இரண்டு வருடத்தில் எழுந்தது. கம்பெனி சொன்ன தேதிக்கு முன்பே முடித்தது. கான்கிரீட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. திறப்பு விழாவில் வெண்ணிலாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடினார்கள்.

புயல் அதற்கு அடுத்த கார்த்திகையில் வந்தது. பகல் இரண்டு மணிக்குக் கரையைத் தொடும் என்றார்கள். காலையிலிருந்தே தையல்நாயகி ஜீப்பில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். ஓட்டியவன் தேவசகாயம். அதிகம் பேசாதவன். பதினொன்றரை மணிக்கு அவன் போன் அடித்தது. ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தான்.

"அக்கா, நீ கிளம்பு. ஆமா, மேடத்தோடதான் இருக்கேன். ஒண்ணும் ஆகாது. சோறெல்லாம் வேண்டாம், கட்டிக்கிட்டு நிக்காத. அக்கா? அக்கா?"

கைப்பேசிக் கோபுரம் விழுந்திருக்க வேண்டும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அக்கா எங்க இருக்காங்க?" என்று கேட்டாள்.

"ஊர்லதான் மேடம். மையத்துக்குப் போயிடும். தெளிவான ஆளு."

எதிரே ஒரு மின்கம்பம் சாலையில் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிப் போகிற வேலையில் பேச்சு நின்றுபோயிற்று.

மேட்டுச்சாலை அசையவில்லை. நாலாயிரம் பேர் அதன்மேல் நடந்து மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சிங்காரவேலு மனைவியின் கையை ஒரு பக்கமும் மகளின் கையை இன்னொரு பக்கமும் பிடித்துக்கொண்டு, பாலத்தில் நிற்காமல் போனான். மாலைக்குள் தண்ணீர் ஊருக்குள் ஆளுயரம் ஏறி, மறுநாள் விடிவதற்குள் வடிந்தது.

மூன்றாம் நாள் பஞ்சநதத்திடமிருந்து போன் வந்தது. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. குரலில் நிறைவு தெரிந்தது. "எட்டுப் பேராம்மா. நிழலூர் சொன்னது ஒம்போது. அதுக்கும் கீழதான். அன்னைக்கு நீ கையெழுத்துப் போட்டது வீண் போகல."

"ஆமா சார்" என்றாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எட்டு இல்லை. செல்லக்கிளியும் வெண்ணிலாவும் பிழைத்ததால் ஏழாக இருக்க வேண்டும்.

மாவட்ட அலுவலகத்தின் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். ஏழு வீட்டு எண்களைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். மூன்று வருடமாக மறக்க முயன்ற அதே எண்கள், ஒன்றுகூடப் பிசகாமல். எட்டாவதாக இருந்தது 340. லூர்துமேரி, வயது 49. அந்த வீடு வரைபடத்தில் பச்சையாக இருந்தது. அவளுக்கு நிச்சயமாக நினைவிருந்தது.

புயலுக்குப் பிறகு தேவசகாயம் வேலைக்கு வரவில்லை. ஊரே சேறள்ளிக்கொண்டிருந்தது, வரமாட்டான்தான். வேறு டிரைவரைக் கூட்டிக்கொண்டு பூவந்துறைக்குப் போனாள். சேத மதிப்பீடு என்று சொல்லிக்கொண்டாள். வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள். எதற்காகத் திரும்பினார்கள்?

முதல் வீட்டுக்காரி கட்டிப்போட்ட ஆட்டை அவிழ்த்துவிடத் திரும்பியிருந்தாள். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர், காது கேட்கும் கருவியை மாடத்தில் வைத்துவிட்டு வந்ததால். வலை பின்னுகிற ஒருத்தி, வெளியூரில் படிக்கும் மகனின் சான்றிதழ்களை எடுக்க. "பெட்டியை மையத்துல முன்னாடியே வச்சுக்கலாம்னு யாராவது சொல்லியிருந்தா குடுத்தனுப்பியிருப்பா" என்றார் அவள் கணவர். குறை சொல்லும் குரலில் இல்லை. வெறுமனே சொன்னார். மற்றொரு வீட்டில் சர்க்கரைக்குப் போடும் ஊசிமருந்து. வேறொரு வீட்டுக்காரனின் அண்ணன் நாலு வீடு தள்ளி இருந்தான். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் கிளம்பிவிட்டானா என்று பார்க்கத்தான் திரும்பினான். அண்ணன் முதல் ஆளாகவே போய்ச் சேர்ந்திருந்தான்.

எல்லாமே ஒரு கேள்விக்குப் பதிலாக வந்திருக்கக்கூடியவை. அன்று ரயில்வே கேட்டில் சிங்காரவேலுவிடம் கேட்டதுபோல ஒரே ஒரு கேள்வி. இந்த வாசல்களிலும் வந்து நின்று அதைக் கேட்பதை எந்த நிபந்தனையும் தடுத்திருக்கவில்லை. மூன்று வருடம் இருந்தது. அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதும் முழு உண்மை அல்ல. தனக்குத் தெரிந்த வீட்டை மீட்டுக்கொண்ட நிம்மதியில் மற்ற வீடுகளின் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

340 தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. வாசலில் சேற்றைக் கழுவிவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு படத்துக்கு முன் மெழுகுவத்தி எரிந்தது. வாசற்படியில் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தவன் அவளைப் பார்த்ததும் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டான்.

தேவசகாயம்.

"வாங்க மேடம். போன் இன்னும் வேலை செய்யல. லீவு சொல்ல முடியல" என்றான்.

அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவளாகக் கேட்பதற்கு முன் அவனே சொல்லத் தொடங்கினான்.

"அம்மா அப்பா போனதுலேர்ந்து அக்காதான் மேடம். கல்யாணமே பண்ணிக்கல. போன ரெண்டு புயலுக்கும் நான் வீட்ல இருந்தேன். நாந்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். இந்தத் தடவை பாலம் வரைக்கும் போயிருக்கு. கூட வந்தவங்க சொல்றாங்க. தம்பி வந்திருப்பான், நான் இல்லாம தேடுவான், ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்னு சொல்லுச்சாம்."

தெருவில் யாரோ இரும்புச் சட்டியால் சேற்றைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

தையல்நாயகி சொன்னாள். நிழலூர், ஒன்பது சிவப்புப் புள்ளிகள், தான் எழுதிய பன்னிரண்டு, ரயில்வே கேட், முதுகுவலி என்று எழுதிய பொய், அதற்கடுத்துப் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எதையும் சாக்காகச் சொல்லவில்லை. அறுபத்தியொன்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. இதைச் சொல்வது குற்றம், வேலை போகலாம், சிறைக்கும் போகலாம் என்பதெல்லாம் அப்போது அவள் மனதிலேயே இல்லை.

அவன் தலையைக் குனிந்து கேட்டான். அவள் முடித்ததும் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"அப்ப அது சிங்காரவேலு அண்ணனோட டியூட்டி."

"ஆமா."

"அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. முதுகுவலின்னு நானே எழுதினேன். மேலதிகாரி பாத்துச் செஞ்ச சலுகைன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கார்."

தேவசகாயம் உள்ளே பார்த்தான். மெழுகுவத்தி காற்றில் ஆடியது. எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தான். அவள்மேல் பாய்வான், கத்துவான், வெளியே போ என்பான் என்று காத்திருந்தாள். அப்படி எதையாவது செய்யமாட்டானா என்றிருந்தது அவளுக்கு.

"நீங்க எழுதிக் குடுக்கணும்னா குடுங்க மேடம். எங்க வேணா குடுங்க. அது உங்க பாடு. ஆனா அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவரு தாங்க மாட்டாரு" என்றான்.

தெருமுனையில் பேச்சுக்குரல் கேட்டது. சிங்காரவேலு வந்துகொண்டிருந்தான். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால், தலையில் துணி சுற்றிய பெரிய பாத்திரத்தில் சோறு. பின்னால் செல்லக்கிளி குழம்புச் சட்டியோடு. வெண்ணிலா வாழை இலைக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா! நீங்க எப்ப வந்தீங்க?" சிங்காரவேலு பாத்திரத்தை இறக்கி வைத்தான். "பாத்தீங்களாம்மா, லூர்து அக்காவுக்கு இப்படி ஆயிடுச்சு. சின்னப் பிள்ளைலேர்ந்து கூட வளந்தவங்க. நாங்க மூணு பேரும் முன்னாடியே போயிட்டோம். திரும்பிப் பாத்து ஒரு குரல் குடுத்திருந்தா..."

"விடுண்ணே" என்றான் தேவசகாயம். "நீ என்ன பண்ணுவ."

செல்லக்கிளி இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். "நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போவணும்" என்று தையல்நாயகியிடம் சொன்னாள். "வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தவள் தேவசகாயத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தனக்குப் பக்கத்தில் தரையைத் தட்டி, "வா பாப்பா, இங்க உக்காரு" என்று வெண்ணிலாவைக் கூப்பிட்டு, தன் இலையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

தையல்நாயகி நாற்காலியை விட்டு இறங்கி, அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். செல்லக்கிளி சோறு வைத்தாள். தையல்நாயகி பிசைந்து வாயில் வைத்தாள்.